சட்டி தட்டிய டெல்மா

கர்லூ பண்ணையில் நாய் குட்டி போட்டால் ஆறாவது வாரம் சட்டி தட்டுவார்கள். அது டெல்மா டகனின் வேலை. குட்டிகள் தகரத் தட்டில் முகம் புதைத்துத் தின்றுகொண்டிருக்கும்போது அவள் சத்தமில்லாமல் பின்னால் போய் நிற்பாள். பழைய அலுமினியச் சட்டியை இரும்புக் கரண்டியால் ஓங்கி ஓர் அடி அடிப்பாள். துள்ளித் திரும்புகிற குட்டி பிழைத்தது. திரும்பாமல் தின்றுகொண்டேயிருக்கும் குட்டியை அவள் அண்ணன் லையல் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கிச் சாக்கில் போடுவான். சாக்கு மாட்டுக் குட்டைக்குப் போகும்.

நீலச் சாம்பலில் புள்ளி விழுந்த அந்த மாடு மடக்கும் நாய்களுக்குப் பிறவிச் செவிடு அடிக்கடி வரும். முகத்தில் கருப்புத் திட்டு இல்லாமல் வெளுத்துப் பிறப்பவற்றுக்கு இன்னும் அதிகம். செவிட்டு நாய் விசிலுக்குத் திரும்பாது, மாட்டுக்காலில் மிதிபடும், வண்டிக்கு அடியில் போகும், அதை வளர்ப்பதுதான் பாவம் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். டெல்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். சட்டி தட்டிவிட்டு உள்ளே போய் ரொட்டிக்கு மாவு பிசைவாள்.

அவள் அந்தப் பண்ணையிலேயே பிறந்தவள். பதினெட்டு வயதில் டவுன்ஸ்வில்லுக்கு நர்ஸ் படிப்புக்குப் போனாள். முதல் வருடம் முடிவதற்குள் அம்மா படுத்த படுக்கையானாள். கொஞ்ச நாளைக்கு வந்து இருந்துவிட்டுப் போ என்று அப்பா தந்தி அடித்தார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அம்மா போனாள், அப்பா போனார், பண்ணை லையல் பெயருக்குப் போனது. லையலின் மனைவி இரண்டு கோடை தாங்கிப் பார்த்துவிட்டு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள். எல்லோரும் போன வீட்டில் அடுப்பும் துணி துவைப்பதும் நாய்களுக்குத் தீனி வைப்பதும் டெல்மாவின் தலையில் விழுந்தன. ஐம்பது வயதைத் தாண்டியும் அவளை அந்த ஜில்லாவில் 'லையலோட தங்கச்சி' என்றுதான் சொன்னார்கள்.

ஒருமுறை சட்டி தட்டியபோது ஒரே ஒரு பெட்டைக் குட்டி திரும்பவில்லை. முகம் முழுக்க வெள்ளை. லையல் அதைத் தூக்கினான். வெயில் கண்ணைக் குத்தியதால் டெல்மா கையை உயர்த்தி நெற்றியில் வைத்தாள். அந்தரத்தில் தொங்கிய குட்டி அந்தக் கையையே பார்த்தது. கை இறங்கியதும் அதன் கண்ணும் கூடவே இறங்கியது.

"லையல், இதை என்கிட்ட குடு."

"எதுக்கு?"

"சும்மா. வளர்க்கிறேன்."

"உனக்கென்ன மூளை வெந்துபோச்சா? அதுக்குக் காது இல்லை."

"எனக்குக் கண்ணு இருக்கில்ல. அதுக்கும் இருக்கு."

லையல் குட்டியைக் கீழே இறக்கினான். தங்கச்சி அவனிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

"சரி. அடுத்த மாடு திரட்டு வரைக்கும் வெச்சுக்கோ. அன்னிக்குப் பட்டியில இறங்கி வேலை செஞ்சா இருக்கட்டும். செய்யலைன்னா நானே சுட்டுடுவேன். அப்புறம் அழக்கூடாது."

"நான் எப்ப அழுதேன்?" என்றாள் டெல்மா.

குட்டிக்கு குவீனி என்று பெயர் வைத்தாள். பண்ணையாள் நெவில் விழுந்து விழுந்து சிரித்தான். "பேரு எதுக்கு டெல்மா? கூப்பிட்டா வரப்போகுதா?"

"நான் உன்னையும்தான் பேரு சொல்லிக் கூப்பிடறேன். பாத்திரம் கழுவ என்னிக்காவது வந்திருக்கியா?"

முதலில் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. குவீனி கோழியைத் துரத்தினால் வாசலில் நின்று கத்துவாள். "இன்னும் கொஞ்சம் சத்தமா கத்து, பக்கத்துப் பண்ணை நாயாவது திரும்பிப் பார்க்கும்" என்பான் நெவில். தூங்கும் குட்டியை ஒருநாள் தொட்டு எழுப்பினாள். அது பதறி எழுந்து அவள் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அதன்பின் தொடாமல் குனிந்து அதன் முதுகு மயிரில் மெல்ல ஊதினாள். மூச்சுக்காற்று பட்டதும் அது கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. இப்படித்தான் எழுப்ப வேண்டும் என்று தெரிந்துகொண்டாள்.

கேட்காத நாய்க்கு முதலில் திரும்பிப் பார்க்கத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. திரும்பிப் பார்த்தால்தானே எதையும் சொல்ல முடியும்? நீளக் கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பில் கட்டி மறு நுனியைக் குவீனியின் கழுத்தில் கட்டினாள். வேலை செய்யும்போதெல்லாம் அது கூடவே அலைந்தது. தற்செயலாகத் திரும்பி அவளைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஏப்ரன் பையிலிருந்து வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று கிடைத்தது. கொஞ்ச நாளில் அது நான்கு எட்டு வைத்தால் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கத்துக்கு வந்தது.

பிறகு கைகள். மார்பில் முஷ்டி வைத்தால் வா. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் படு. வலது கையை வீசினால் மாட்டுக்கு வலப்பக்கமாக வளைந்து போ, இடது கையை வீசினால் இடப்பக்கம். வராந்தாவில் நின்று பலகைத் தரையை ஓங்கி மிதித்தால் மறுகோடியில் படுத்திருக்கும் குவீனி அதிர்வு உணர்ந்து தலை தூக்கும். மரப்பலகை அவர்கள் இருவருக்கும் நடுவே மணிபோல ஆகிவிட்டது. மண் தரையில் அது செல்லாது. மண்ணில் அவள் தகர மூடியை வெயிலில் காட்டி ஒளியைக் குவீனியின் கண்ணுக்கு அடிப்பாள்.

எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. ஒருமுறை குவீனி ஒரு கன்றின் பின்னங்காலைக் கவ்விக்கொண்டு திரும்பியே பார்க்காமல் தொங்கியது. டெல்மா ஓடிப்போய்ப் பிரிப்பதற்குள் கன்று நொண்டியாகிவிட்டது. லையல் துப்பாக்கி எடுக்க உள்ளே போனான். டெல்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள், நகரவில்லை.

"நகரு."

"திரட்டு வரைக்கும்னு நீதான் சொன்ன. திரட்டு இன்னும் வரலை."

வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று பெயர் வாங்கியவன் லையல். துப்பாக்கியைத் திரும்பச் சுவரில் மாட்டினான்.

திரட்டு வந்தது; மேய்ச்சலில் சிதறிக் கிடந்த மாடுகளையெல்லாம் பட்டிக்கு ஓட்டிவந்தார்கள். பக்கத்துப் பண்ணைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பட்டிக்குள் மாடுகள் கத்துவதும், மோட்டார் சைக்கிள் உறுமுவதும், சாட்டை வெடிப்பதும், ஆள் ஆளுக்கு விசிலடிப்பதுமாகக் காது கிழிந்தது. மற்ற நாய்கள் எந்த விசில் தன்னுடையது என்று தெரியாமல் முழித்தன. டெல்மா பட்டிக் கம்பியின் மேல் ஏறி உட்கார்ந்து கையை வீசினாள். குவீனி தரையோடு தரையாக வழுக்கிப் போய், நகர மறுத்த ஒரு கொம்புப் பசுவின் குதிங்காலைக் கடித்துவிட்டுத் தட்டையாகப் படுத்துக்கொண்டது. பசுவின் உதை அதன் தலைக்கு மேலே காற்றில் போயிற்று. உடனே அது திரும்பி டெல்மாவைப் பார்த்தது. அந்தச் சந்தடி எதுவும் அதைத் தொடவே இல்லை.

டெஸ் ஹானிகன் என்ற பக்கத்துப் பண்ணைக்காரர் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு கேட்டார். "என்னப்பா லையல், சத்தமே போடாம வேலை வாங்கறீங்க? என்ன நாய் இது?"

டெல்மா அண்ணனைப் பார்த்தாள். செவிட்டு நாய் என்று சொல்வான், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று அவள் ஒரு கணம் காத்திருந்தாள்.

"நல்ல ரத்தம் டெஸ்," என்றான் லையல். "எங்க அப்பா காலத்து வம்சம். விசிலே தேவைப்படாது."

அவள் வாயைத் திறக்கவில்லை. குவீனி பிழைத்தது, அது போதும் என்று இருந்துவிட்டாள். பேர் யாருக்குப் போனால் என்ன, அவளுக்கு எப்போது எந்தப் பேர் வந்தது?

ஆனால் அந்த ஒரு வார்த்தை ஊர் சுற்றியது. குவீனி போடும் குட்டி வேண்டும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்தார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் லையல் அதைத் தன் சிறந்த ஆண் நாயோடு சேர்த்துவிட்டான். டெல்மா பட்டிக்கு ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"கேக்காத பெட்டையை ஈன விடக்கூடாதுன்னு நீதானே காலம் பூரா சொன்ன?"

"அப்ப அது வேலை செய்யும்னு எனக்குத் தெரியாதே. நீதானே நிரூபிச்ச?"

"குட்டிக்கும் அது வரும் லையல்."

"வந்தா வரட்டும். எதுக்கு இருக்கு சட்டி? கேக்காததை எடுத்துட்டா போச்சு."

குவீனி ஏழு குட்டி போட்டது. அதில் மூன்று செவிடு. ஆறாவது வாரத்துக்கு வெகு முன்பே டெல்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இறைச்சித் தட்டின் சத்தம் கேட்டு நான்கு ஓடிவரும். மற்ற மூன்றும் அந்த நான்கு ஓடுவதைப் பார்த்துப் பின்னால் ஓடிவரும். அந்த மூன்றும் அவள் கையை, தாய் பார்த்ததைப் போலவே, பார்த்தன.

"மூணையும் நானே வளர்க்கிறேன்" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொல்லிப் பார்த்தாள்.

"எந்த மூணு?" என்று லையல் நிமிர்ந்தான். அவள் சட்டென்று, "ஒருவேளை மூணு செவிடு இருந்தா, அதைச் சொன்னேன்" என்று சமாளித்தாள்.

"குவீனி ஒண்ணு தப்பினது அதிர்ஷ்டம் டெல்மா. செவிட்டு நாய்ப் பண்ணை நடத்தறேன்னு ஊர் சிரிக்கணுமா? ஒண்ணுகூடக் கிடையாது."

வழக்கமாகச் சட்டி தட்டுவது வெளியே, காய்ந்த மண் தரையில். அந்த வாரம் விடாத மழை. தட்டை வராந்தாவில் வைக்கச் சொன்னான் லையல். ஏழு குட்டிகளும் பலகைமேல் நின்று தின்றன. டெல்மா சட்டியோடு பின்னால் போய் நின்றாள். தன் காலுக்குக் கீழே இருப்பது மரம் என்பதை அவள் கால் அவளுக்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டது. சட்டியில் கரண்டி விழுந்த அதே நொடியில் குதிகாலைப் பலகையில் ஓங்கி ஊன்றினாள். ஏழும் துள்ளித் திரும்பின.

லையல் குட்டிகளைத்தான் பார்த்தான், அவள் காலைப் பார்க்கவில்லை. "பார்த்தியா? எல்லாமே சுத்தம். எங்க அப்பா ரத்தம்னு நான் சொல்லல?" என்று சாக்கைச் சுருட்டி மூலையில் எறிந்தான்.

வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணனை ஏமாற்றியிருந்தாள். உள்ளே போய்த் தேநீர் போட்டுக் குடித்தாள். உயிரோடு போகட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வாங்குகிறவர்களுக்குத் தனியாகப் போன் செய்து சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். போன் கூடத்தில் இருந்தது, லையலின் நாற்காலிக்குப் பக்கத்தில். ஏழு குட்டியும் விலைபோன பிறகு, அவன் இல்லாத சமயத்தில் ரிசீவரை எடுத்து, வாங்கியவர் ஒருவரை அழைத்து, மறுமுனையில் 'ஹலோ' கேட்டதும் வைத்துவிட்டாள். சொன்னால் குட்டி திரும்பி வரும், வந்தால் சாக்குதான். வீட்டில் நாலு நாள் வைத்திருந்தால் யாருக்கும் தானாகத் தெரிந்துவிடும், தெரிந்தால் கையைக் காட்டிப் பழக்குவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தான் செய்ததை மற்றவர்களும் செய்வார்கள் என்று அவள் எப்படி நம்பினாளோ! அந்த ஆட்களோடு பிறந்து வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

மழை விட்டுப் பாதைகள் காய்ந்த பிறகு ஒருநாள் டெஸ் ஹானிகனின் வண்டி வந்தது. லையல் தொலைவில் குழாய்க் கிணறு பார்க்கப் போயிருந்தான், மறுநாள் இரவுதான் திரும்புவான். டெஸ் பின்கதவைத் திறந்து ஒரு வளர்ந்த குட்டியைச் சங்கிலியோடு இழுத்து இறக்கினார். ஒரு காது கிழிந்து ஆறியிருந்தது. விலா எலும்பு எண்ணும்படி இருந்தது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு டெல்மா, இதைப்போல திமிர் பிடிச்ச நாயை என் ஆயுசுல பார்த்ததில்லை. கூப்பிட்டா ஏறெடுத்துப் பார்க்காது. நானும் விட்டுக்குடுக்கல. அடிச்சு அடிச்சு என் கைதான் நொந்துபோச்சு. சட்டி தட்டித்தானே குடுத்தீங்க? காது நல்லாத்தானே கேக்குது? அப்புறம் எங்கேருந்து வருது இந்தக் கொழுப்பு?"

டெஸ் கெட்ட மனிதர் அல்ல. அவர் வீட்டில் எல்லா நாய்களும் கொழுகொழுவென்று இருக்கும். கேட்டும் கேட்காததுபோல இருக்கும் நாயைத் திருத்த வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். அது கேட்கும் நாய் என்று அவரை நம்பவைத்தது டெல்மாவின் குதிகால்.

அவர் போனபின் டெல்மா முற்றத்தில் மண்டியிட்டாள். குட்டி தூரத்தில் நின்று பார்த்தது. அவள் மெல்லக் கையைத் தூக்கி மார்புக்குக் கொண்டுபோனாள், வா என்று. கை தூக்கியதுதான் தாமதம், குட்டி தரையில் ஒட்டிப் படுத்துச் சிறுநீர் விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டது. அதனோடு பேச இருந்த ஒரே வழி கை. அந்தக் கை அதற்கு அடியாகிவிட்டிருந்தது. பார்க்கவே மறுக்கும் செவிட்டு நாயிடம் இனி எதைச் சொல்லி என்ன கற்றுக்கொடுப்பது?

மறுநாள் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தேடிப் போனாள். வடக்கே இருந்த பண்ணையில் ஒரு மாட்டு லாரி பின்னால் எடுக்கும்போது குட்டி சக்கரத்தில் போய்விட்டது என்றார்கள். "ஹார்ன் அடிச்சுத்தான் எடுத்தேன், நகரவே இல்லை" என்று டிரைவர் பையன் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது குட்டியை வாங்கியவர் அதை வின்டன் சாலையிலிருந்த பெட்ரோல் பங்க் ஓட்டல்காரிக்குக் கொடுத்திருந்தார். அது உயிரோடு, மேஜைக்கு அடியில் படுத்திருந்தது. ஓட்டல்காரி துடைக்கும் துணியை ஆட்டியதும் எழுந்து ஓடிவந்தது.

"காது கேக்காதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டெல்மா கேட்டாள்.

"ரோட்ல பாதி தூரம் ஓடிருச்சு. எதிர்ல லாரி. நான் கத்தின கத்துல ஓட்டல்ல இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க, இது மட்டும் திரும்பல. டிரைவர் நல்லவன், பிரேக் போட்டான்." அவள் டெல்மாவை உற்றுப் பார்த்தாள். "நீங்க டகன் வீடுதானே? தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

டெல்மா குட்டியின் பக்கம் குனிந்துகொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? போங்க, இதை நான் தரமாட்டேன். காப்பி வேணும்னா வாங்கிக் குடிச்சிட்டுப் போங்க."

காப்பி குடிக்காமல் வீட்டுக்குத் திரும்பினாள். லையல் ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். மாமிசத்தை அவன் தட்டில் போட்டுவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, குதிகால், மூன்று குட்டி. லையல் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கறிக்கத்தியைத் தட்டோரம் வைத்தான்.

"சாக்குல போட்டிருந்தா ஒரு நிமிஷம்," என்றான். "டெஸ்கிட்ட அது எத்தனை மாசம் அடி வாங்கிச்சு?"

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் அவளை அதிகம் எரித்தது. நீ மட்டும் குவீனியைச் செவிடு என்று அன்றைக்குப் பட்டியில் சொல்லியிருந்தால் என்று அவள் தொடங்கினாள், முடிக்கவில்லை.

"நாளைக்கு அந்த அடிபட்டதைக் குட்டைக்குக் கொண்டுபோறேன்."

"அதைத் தொட்டா நான் இந்த வீட்டை விட்டுப் போயிடுவேன்."

"போ."

முப்பது வருடத்துக்கு மேல் சமைத்துப் போட்டவளிடம் அவன் அந்த ஒரே எழுத்தைச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைக் குத்தி எடுத்தான்.

மறுநாள் காலை பெட்டியையும் அடிபட்ட குட்டியையும் வண்டியில் ஏற்றினாள். குவீனி அவள் காலடியில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "இதையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"அது வேலைக்கார நாய். பண்ணையோடது."

"நான் இல்லாம அது உனக்கு ஒரு மாட்டைக்கூட மடக்காது லையல். வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

லையல் வராந்தாவிலிருந்து இறங்கி வந்து நின்றான். குவீனி திரும்பிப் பார்த்தது. எது அசைந்தாலும் திரும்பிப் பார்க்கத்தானே அவள் பழக்கியிருந்தாள். அவன் முஷ்டியை மடக்கி மார்பில் வைத்தான். குவீனி எழுந்தது, டெல்மாவை ஒருமுறை பார்த்தது, அவனிடம் போனது. அவன் உள்ளங்கையைக் கீழே அமுக்கினான். படுத்தது. இத்தனை காலமும் அவன் வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அவள் தன் முஷ்டியை மார்புக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தாள். இரண்டு கைகளுக்கு நடுவே அது தவிப்பதைப் பார்க்கப் பயந்தாள். அதைவிட, அது வராமல் போய்விட்டால் என்ற பயம். கையைச் சாவியில் வைத்து வண்டியைக் கிளப்பினாள்.

இப்போது வின்டன் ஊருக்குள் வேறொரு ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். பின்னாலேயே தகரக் கூரை போட்ட ஓர் அறை, சின்ன முற்றம். குவீனி இந்த வருடத் திரட்டிலும் நன்றாக வேலை செய்ததாக நெவில் வந்து சொன்னான். நல்ல செய்தி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். அவனுக்கு முட்டையும் ரொட்டியும் போட்டுக் கொடுத்தாள்.

முற்றத்தில் அந்தக் குட்டி இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் டெல்மா ஈரல் துண்டை மண்ணில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்காருவாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வாள், தவறியும் தூக்கிவிடக்கூடாது என்று. குட்டி வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி வரும். அவள் முகத்தைப் பார்க்காது, தோளைப் பார்க்கும், தோள் அசைகிறதா என்று. பிறகு ஈரலைக் கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிவிடும். இதுவரை அவ்வளவுதான் நடந்திருக்கிறது. மரத்துப்போன கைகளை வெளியே எடுத்துத் தேய்த்துக்கொண்டு அவள் உள்ளே போவாள்.